ரிட்டன் வண்டி

எம்புட்டுக் கேட்டான் தம்பி அவன்? வெளிய வேப்பமரத்தடியில நின்னு பேசிக்கிட்டு இருந்தீங்களே, அந்த வெள்ளை வண்டிக்காரன். ரெண்டாயிரத்து எண்ணூறா? நீங்க சரின்னு தலையாட்டிட்டீங்களா? ஆட்டலையே? நல்லவேளை. உக்காருங்க. அவன் எங்கயும் போயிர மாட்டான், உங்க மூஞ்சியப் பாத்தாலே இன்னும் ரெண்டு மணி நேரம் நிப்பான். உங்கப்பாவுக்கு இன்னைக்குத்தான் மொத டயாலிசிஸ். மொத நாளு மெதுவாத்தான் ஓட்டுவாங்க. எனக்கு முடிஞ்சிருச்சு, கையில பிளாஸ்திரி பாருங்க. வண்டிக்காகத்தான் உக்காந்திருக்கேன்.

எம்பேரு சீனியம்மா. சிரிக்கணும்னா சிரிச்சுக்கங்க, இங்க எல்லாரும் சிரிப்பாங்க. சீனியில போன காலுதான் இது. மொதல்ல விரலு, பெறகு பாதம், பெறகு முழங்காலுக்கு மேல வரைக்கும் எடுத்துட்டாங்க. அதுக்குப் பெறகு கிட்னியும் போச்சு. நான் போகல. போவேன்னு எங்க தெருவுல நாள் குறிச்சவங்கள்ல மூணு பேரு எனக்கு முந்திப் போயிட்டாங்க. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

நீங்க ஆபீசுல இருக்கிற பிள்ளையாட்டம் தெரியிறீங்க. உங்களுக்கு ஒண்ணு சொல்லுறேன். இங்க உள்ள ரத்தம் சுத்தம் பண்ண ஒரு பைசா வாங்க மாட்டாங்க, எல்லாம் காப்பீட்டு அட்டையில போயிரும். டாக்டரும் தங்கமானவரு. "வாரம் ரெண்டு நாளு தப்பாம வரணும்மா. விட்டீங்கன்னா நெஞ்சுல தண்ணி கோத்துரும், அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது"ன்னாரு. வர்றேன்னு சொல்லிட்டேன். எதுல வர்றதுன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. வைத்தியம் ஓசி, வைத்தியத்துக்கு வந்து சேர்றதுதான் சொத்தை அழிக்கும்னு எவனாச்சும் முன்னாடியே சொல்லுறானா? உங்களுக்கும் சொல்லிருக்க மாட்டாங்க.

எங்க ஊரு அருப்புக்கோட்டைக்குத் தெக்க. அங்க பக்கத்துல எடம் இல்ல, மதுரையிலதான் கெடச்சுது. பஸ்ஸுல வரலாம்னு பாத்தோம். படி எம்புட்டு உசரம்னு ரெண்டு காலு இருக்கிறவரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆட்டோவுல வந்தோம். சக்கர நாற்காலிய மடக்கி டிரைவரு காலடியில வச்சுக்கிட்டு, நான் ஒருசாய்ச்சலா உக்காந்து, குழிக்குக் குழி வெட்டின காலு போயி கம்பியில இடிக்கும். அதக்கூடத் தாங்கிக்கிட்டேன். திரும்பி வர்றப்பதான் முடியாது. ரத்தம் சுத்தம் பண்ணுனதும் தலை கிர்ருன்னு சுத்தும் பாருங்க, உங்கப்பாவுக்கும் சுத்தும், பயந்துராதீங்க. ஆட்டோவுல இருந்து ரோட்டுல சரிஞ்சே விழுந்துட்டேன் ஒரு தடவை. நூத்தி எட்டுக்குப் போன் போட்டா, "உசுருக்கு ஆபத்தாம்மா?"ன்னு கேப்பாங்க. "இப்ப இல்ல, நீங்க வரலைன்னா நாளான்னைக்கு ஆபத்து"ன்னேன். அந்தப் பிள்ளை சிரிச்சிருச்சு. அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன். மாரடைச்சுக் கெடக்கிறவனை விட்டுட்டு என்னையத் தூக்க வரச் சொன்னா நியாயமா?

அப்பதான் இந்த வெள்ளை வண்டிக்காரங்க வந்தாங்க. மொத மாசம் அவங்க கேட்டதைக் குடுத்தேன். எனக்கே வெக்கமா இருக்கு, நான் யாரு தெரியுமா? எம்மகன் காளிராசு ரெண்டாங்கிளாசு படிக்கிறப்ப அவுக அப்பா போயிட்டாரு. அன்னையில இருந்து ஒட்டன்சத்திரத்துல காய் எடுத்து எங்க ஊரு சந்தையில போட்டவ நான். தக்காளி, கத்திரிக்கா, மொச்சை. ராத்திரி லாரி மேல உக்காந்து வந்திருக்கேன். வண்டி வாடகையில என்னைய ஏமாத்துனவன் அந்த ரோட்டுலயே கெடையாது. காலு போனதும் புத்தியும் கொஞ்ச நாளு போயிருச்சுபோல.

கேளுங்க, இதைத்தான் நீங்க தெரிஞ்சுக்கணும். இப்ப அவன் ரெண்டாயிரத்து எண்ணூறுன்னு சொல்லுறான்ல, அது உங்கப்பாவை ஏத்திட்டுப் போறதுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. உங்கப்பாவை எறக்கி விட்டுட்டு காலியாத் திரும்புறான் பாருங்க, அந்தக் காலி வண்டிக்கும் நீங்கதான் வாடகை குடுக்கிறீங்க. அப்புறம் வாசல்ல காத்துக்கெடக்கிறதுக்கு. அப்புறம் மாடியில இருந்து நாற்காலியோட தூக்கி எறக்குறதுக்கு. தூக்குகூலி தனி, அதை வீட்டுக்குப் போன பெறகுதான் சொல்லுவான். எங்க சந்தையில லோடு எறக்கிட்டுக் காலியாத் திரும்புற வண்டிக்கு ரிட்டன் வண்டின்னு பேரு. டீசல் காசு குடுத்தா ஏத்திக்கிட்டு வருவான். எப்படியும் சும்மாத்தானே வரப் போறான், வர்றது லாபம்னு. காய் யாவாரத்துல பொழைச்சவங்க பூராம் ரிட்டன் வண்டியப் பிடிச்சுப் பொழைச்சவங்கதான். புரியுதா? புரியிற மாதிரி இருக்குன்னு சொல்லுங்க போதும்.

ஒரு நாளு ரோட்டு முக்குல நானும் எம்மருமக முனீஸ்வரியும் நிக்கிறோம். வர்றேன்னு சொன்ன வண்டிக்காரன் வரல, வேற நல்ல வாடகை கெடச்சிருச்சு அவனுக்கு. இங்க எனக்கு மெஷினு ஒதுக்கியிருக்கு, நேரம் போயிக்கிட்டு இருக்கு. அப்ப ஒரு வண்டி வந்து நிக்குது. நம்ம அய்யனாரு. முந்தி எனக்குக் காய் லோடு ஓட்டுனவன். "எங்கக்கா, வெயில்ல?"ங்கிறான். "மதுரைக்குடா. நீ எங்கிட்டு?" "நானும் மதுரைக்குத்தான். ஒரு பாடி எடுக்கணும்." அப்பதான் வண்டியப் பாக்குறேன். அமரர் ஊர்தி. எங்க ஊரு யாவாரிங்க சேந்து வாங்கி விட்டது, சுத்துப்பட்டுக்கெல்லாம் அது ஒண்ணுதான்.

"இப்ப உள்ள யாருடா இருக்கா?"ன்னேன்.

"யாருமில்லக்கா. காலி."

"போறப்ப காலியாவா போற?"

"போறப்ப எப்பவும் காலிதானக்கா. வர்றப்பதான் ஆளு."

தம்பி, எனக்கு அன்னைக்குத்தான் புத்தி திரும்பி வந்துச்சு. பின்கதவு அகலம். உள்ள தட்டைத் தரை. சீட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நாற்காலிய மடக்க வேணாம், ஒருசாய்ச்சலா உக்கார வேணாம், இருக்கிறபடியே தூக்கி உள்ள வச்சுரலாம். எனக்குன்னே செஞ்ச வண்டி. "கதவைத் தொறடா"ன்னேன். அவன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. "அக்கா, இதுல உசுரோட யாரும் ஏற மாட்டாங்க." "ஏறக்கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?" வண்டியச் சுத்திப் போயிப் பாத்துட்டு வந்தான் பைத்தியக்காரன். "எழுதலக்கா." "அப்ப தொற."

முனீஸ்வரி எங்கையப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அவளுக்குப் பயம். பயந்தா மெஷினு காத்திருக்குமா?

அன்னையில இருந்து அதுதான் எனக்கு வண்டி. காலையில ஒரு போன் போடுவேன். "அய்யனாரு, இன்னைக்கு மதுரையில யாரும் இருக்காங்களாடா?" இருக்காங்கன்னா கெளம்பிருவேன். சுத்துப்பட்டுல எம்புட்டு ஊரு, மதுரை ஆஸ்பத்திரியில எம்புட்டுப் பேரு கெடக்காங்க. முக்காவாசி நாளு அமைஞ்சிரும். அமையாத நாளுதான் வெள்ளை வண்டி. டீசலுக்கு எம்பங்கு குடுத்துருவேன், அய்யனாருக்கு டீச்செலவும் குடுத்துருவேன். ஓசியில ஏறுனவன்னு எவனும் பேசிரக்கூடாது.

ரோட்டுல அதுல போற சொகம் இருக்கே! எவனும் ஹாரன் அடிக்க மாட்டான். லாரிக்காரன் ஒதுங்குவான். டீக்கடையில உக்காந்திருக்கிறவங்க எந்திரிப்பாங்க. செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிடுறாங்க தம்பி! நாப்பது வருசம் அதே ரோட்டுல காய் மூட்டை மேல உக்காந்து போனேன், ஒரு நாய் எந்திரிச்சதில்ல. மரியாதைக்குத் திருப்பிக் கும்பிடணும்ல? கண்ணாடி வழியா நானும் கும்பிட்டேன். பந்தல்குடி ஓரத்துல ஒருத்தன் சைக்கிளோட வாய்க்கால்ல எறங்கிட்டான். பெறகு முனீஸ்வரி "அத்தை, கும்பிடாதீங்க அத்தை"ன்னு கண்ணாடியில துண்டைக் கட்டிட்டா.

வர்றதுக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்களேன். கேக்க மாட்டீங்களே. வர்றப்ப அய்யனாரு வண்டியில ஆளு இருக்கும். ஆளோட சொந்தக்காரங்க இருப்பாங்க, அவங்க அழுதுக்கிட்டு வர்றப்ப நான் குறுக்க உக்காந்திருக்க முடியுமா? எனக்கும் அறிவு இருக்கு. அதுக்குத்தான் ஜெபராசு. அவன் எங்க ஊரு ஆம்புலன்ஸு. நோயாளிய இங்க கொண்டாந்து சேத்துட்டுக் காலியாத் திரும்புவான். பாத்தீங்களா? அய்யனாருக்குப் போறப்ப காலி, ஜெபராசுக்கு வர்றப்ப காலி. சாவு வண்டியில வந்து நோய் வண்டியில வீட்டுக்குப் போறேன். எல்லாரும் தலைகீழாப் போறாங்க, நான் நேராப் போறேன். காத்துக்கெடக்கிற காசு கெடையாது, காலி வண்டிக் காசு கெடையாது. தூக்குகூலியும் கெடையாது, அதுக்குத்தான் முனீஸ்வரி இருக்காளே. வெள்ளை வண்டி பிடிச்ச நாளைத் தள்ளிட்டா, ஒரு மாசம் பூரா நான் வந்துபோன செலவு, இந்த வேப்பமரத்தடிக்காரன் உங்ககிட்ட ஒரு நாளைக்குக் கேட்டதுதான்.

முனீஸ்வரி நைட்டி தைக்கிற கம்பெனிக்குப் போய்க்கிட்டு இருந்தா. வாரத்துக்கு ரெண்டு நாளு லீவு எவன் குடுப்பான்? நின்னுட்டா. நின்னா என்ன, கலெக்டர் வேலையா? வீட்டுலயே மிஷினு இருக்கு, தச்சுக்கலாம். எங்க, தைக்கத்தான் உக்கார மாட்டேங்கிறா. உக்காந்தா முதுகு பிடிக்குதாம். இடுப்புல ஒரு பெல்ட்டு வாங்கிக் கட்டிக்கிட்டா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு தெம்பே இல்ல தம்பி. நான் அவ வயசுல தக்காளிக் கூடைய ஒத்தக்கையில எறக்குவேன். நான் இப்ப அப்படி என்ன கனம், ஒரு காலு வேற இல்ல.

ஊருல பேசாம இருப்பாங்களா? "சீனியம்மா எவன் சாவான்னு பாத்துக்கிட்டே இருக்கா"ன்னு பேசுனாங்க. எவன் வீட்டுக்கு நான் எழவு கூட்டிட்டுப் போனேன்? செத்தவனை எடுக்கப் போற வண்டியில சாகாதவ போறேன், அம்புட்டுத்தான். எதுத்த வீட்டுக்காரி அவ மகளைப் பொண்ணு பாக்க வர்றாங்கன்னு, "அந்த வண்டி இன்னைக்கு வாசல்ல நிக்க வேணாம் மதினி"ன்னா. சரின்னு அன்னைக்கு முக்குல நிப்பாட்டச் சொன்னேன். நான் ஒண்ணும் பிடிவாதக்காரி இல்ல. கேட்டா விட்டுக்குடுப்பேன். அதட்டுனா மட்டும் குடுக்க மாட்டேன்.

அதட்டுனாங்க. பங்குனியில எங்க காளியம்மனுக்குப் பொங்கல். காப்புக் கட்டிட்டாங்கன்னா பொங்கல் முடியிறவரைக்கும் தெருவுக்குள்ள எழவு சம்பந்தப்பட்டது எதுவும் வரக்கூடாது. தெருமுனையில வேப்பிலைத் தோரணம் கட்டிருவாங்க. கோயில் கமிட்டித் தலைவரு வேலுச்சாமி, எனக்குக் கொழுந்தன் முறை. நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னாரு. கையில மஞ்சக் காப்பு, மூஞ்சியில அதைவிட மஞ்சளு.

"மதினி, அந்த வண்டி பொங்கல் முடியிறவரைக்கும் வரக்கூடாது."

"சரி, எனக்கு எது வண்டி?"

"ஒரு வாரந்தானே. போகாம இருங்களேன்."

"கொழுந்தனாரே, நீங்க ஒரு வாரம் ஒண்ணுக்குப் போகாம இருங்க. அங்கன உக்காந்து நான் பாத்துக்கிட்டே இருக்கேன். நீங்க இருந்தீங்கன்னா நானும் இருக்கேன்."

கூட வந்த நாலு பேரும் சிரிச்சிட்டாங்க. அவரு சிரிக்கல. "ஆத்தா கோவிச்சுக்குவா"ன்னாரு. "ஆத்தாளுக்குத் தெரியும், யாரு செத்தவ யாரு உசுரோட இருக்கவன்னு. உங்களுக்குத்தான் தெரியல"ன்னேன். எம்மகன் காளிராசு உள்ள இருந்து வந்தான். வந்து என்ன சொன்னாங்கிறீங்க? "அம்மா, வாரம் ஒரு நாளு போதாதா?"ங்கிறான். அவனும் மில்லுல ஷிப்ட்டு பாத்துட்டு கண்ணு செவந்து நிக்கிறான், பாவந்தான். ஆனா பாவம் பாத்து நான் சாக முடியுமா? "ஒரு நாளு போதும்னா எந்த ஒரு நாளு நான் மூச்சு விடணும்னு நீயே சொல்லுடா"ன்னேன். உள்ள போயிட்டான்.

வண்டிதானே வரக்கூடாது? நான் போகலாம்ல? தெருமுனை வரைக்கும் நாற்காலியிலயே போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். முனீஸ்வரி தள்ளணும், அம்புட்டுத்தான். அன்னைக்கு பந்தலுக்காகத் தெரு பூரா மணலைக் கொட்டிப் பரப்பி வச்சிருந்தாங்க. மணல்ல சக்கரம் உருளுமா? முன்சக்கரம் புதைஞ்சிருச்சு. அவ தள்ளுறா, இழுக்குறா, நகரல. சுத்தி ஆம்பளைங்க நிக்கிறாங்க, வேலுச்சாமியும் நிக்கிறாரு. காப்புக் கட்டுனவங்க தீட்டு வண்டிக்குப் போறவளத் தொடக்கூடாதாம். ஒருத்தன் கைய நீட்டல. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "நீங்க எல்லாம் வேடிக்கை பாருங்கடா, எனக்கு எம்மருமக இருக்கா. முனீசு, தூக்குடி"ன்னேன்.

தூக்குனா. நாற்காலியோட என்னையச் சேத்துத் தூக்கி அந்த மணலைத் தாண்டி வச்சா. அந்த நாலு ஆம்பளைங்க மூஞ்சியும் அன்னைக்குப் பாத்திருக்கணும் நீங்க. எனக்கு எம்புட்டுப் பெருமையா இருந்துச்சு! திரும்பிப் பாத்து, "பாத்தீங்களா?"ன்னு கேட்டேன். அதுக்குள்ள பின்னாடி ஒரு சத்தம். என்னன்னு சொல்லுறது, கூப்பிடுற மாதிரியும் இல்ல, அழுகுற மாதிரியும் இல்ல. குனிஞ்சபடியே நிக்கிறா, நிமிர முடியல. "அத்தை, அத்தை"ங்கிறா. நான் எப்படித் திரும்புறது? நாற்காலி முன்னாடி பாத்து நிக்குது.

அய்யனாரு தோரணத்துக்கு அங்கிட்டு இருந்து ஓடியாந்தான். "வண்டிதான் வரக்கூடாது, நான் வரலாம்ல"ன்னுட்டு வந்துட்டான். மொதல்ல என்னைய ஏத்துனான். பெறகு அவளைத் தூக்கிட்டு வந்து, எங்க படுக்க வைக்கிறது? அந்த வண்டியில படுக்கிற எடம் ஒண்ணுதானே இருக்கு. அதுல படுத்தா. நான் பக்கத்துல நாற்காலியில. ரோட்டுல எல்லாரும் கும்பிட்டாங்க. அன்னைக்கு நான் திருப்பிக் கும்பிடல.

இந்த ஆஸ்பத்திரி கேட்டுல இருந்த செக்யூரிட்டி கதவைத் தொறந்து பாத்துட்டு, "பாடி எடுக்க வந்தீங்களா, குடுக்க வந்தீங்களா?"ன்னான். "வாயைக் கழுவுடா, எம்மருமகடா அது"ன்னு கத்துனேன். உள்ள கொண்டுபோயி படம் எடுத்தாங்க. முதுகுல ஜவ்வு விலகியிருக்காம். இன்னைக்கு நேத்து விலகுனது இல்ல, கொஞ்சங்கொஞ்சமா விலகிக்கிட்டே வந்திருக்குன்னு டாக்டரு சொன்னாரு. ஆறு மாசத்துக்குக் குடத்தைக் கூடத் தூக்கக்கூடாதாம். நான் அன்னைக்கும் மெஷினை விடல தம்பி. அவளை ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சிருந்தாங்க, நான் போயி நாலு மணி நேரம் ஓட்டிட்டு வந்தேன். வந்தது வந்தாச்சு, விட்டுட்டுப் போறதா?

அதுக்கு காளிராசு ஆடுனான் பாருங்க ஒரு ஆட்டம். வீட்டுக்கு வந்து, "லோடுமேனுக்குக்கூட கூலி உண்டும்மா"ங்கிறான். எங்கிட்ட! எனக்கே லோடுமேன் கூலி சொல்லித் தர்றான், எங்காசுல தின்னு வளந்தவன்! "மருமகளுக்கு எவளாச்சும் கூலி குடுப்பாளாடா?"ன்னேன். மறுநாளே அவளைக் கூட்டிட்டுப் போயி அவுக அம்மா வீட்டுல விட்டுட்டு வந்துட்டான். வேன் பிடிச்சு, மெத்தை போட்டு, படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போனான். அதுக்கு எம்புட்டு வாடகைன்னு கேட்டேன், சொல்ல மாட்டேங்கிறான். கண்டிப்பா ஏமாந்திருப்பான்.

அவளும் போயிட்டா. போறப்ப எங்கையப் பிடிச்சு, "அத்தை, நாளு தவறாமப் போங்க"ன்னா. எப்படிப் போறதாம்? விட்டுட்டுப் போறவளுக்குப் பேச்சைப் பாருங்க. நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன். சும்மா சொல்லல தம்பி, மனசு விட்டுப்போச்சு. பெத்த மக இருந்தா இப்படிப் போயிப் படுத்துக்கிட்டு இருப்பாளா?

இருங்க, போனு அடிக்குது. யாரு... ம். ம். ஆச்சு. ஆமா, முடிஞ்சிருச்சு. தின்னேன். தின்னேங்கிறேன்ல, ரெண்டு இட்லி. தலை சுத்தல. நீ எந்திரிச்சியா? சரி, படு, படு. வையி.

அவதான். நான் இங்க வர்ற நாளு தவறாம இந்த நேரத்துக்குப் போன் போட்டுருவா. போனீங்களா, வந்தீங்களா, ஊசி போட்டாங்களான்னு. வேவு பாக்குறா. நான் போகாம இருந்துருவேன்னு நெனைப்பு அவளுக்கு. நானா போகாம இருப்பேன்? அவ படுத்த பெறகு ஒரு நாளு விட்டிருக்கேனான்னு உள்ள நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்க. இன்னைக்கு எப்படி வந்தேன்னு தெரியுமா? தன்னந்தனியா வந்தேன்.

பக்கத்து ஊருப் பெரியவரு ஒருத்தரு இங்க நேத்து காலமாயிட்டாரு. அவரைக் கொண்டுவர அவரு மகன்க ரெண்டு பேரு அய்யனாரு வண்டியில வந்தாங்க. என்னைய ஏத்தணும். அய்யனாரு ஒத்த ஆளா என்ன பண்ணுவான்? அந்த ரெண்டு பயல்களையும் பாத்தேன். அழுது அழுது மூஞ்சி வீங்கியிருக்கு. கேக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன், ஆனா இங்க மெஷினு நிக்குதுல்ல? "ஐயா, செத்த தூக்குறீங்களா?"ன்னேன். எறங்கி வந்து ஆளுக்கொரு பக்கம் பிடிச்சாங்க. அப்பனைத் தூக்கப் போறவங்க, அதுக்கு முந்தி என்னையத் தூக்குனாங்க. மூத்தவன் எஞ்சேலைய இழுத்துக் காலை மூடிவிட்டுட்டு, "நல்லா உக்காந்துட்டீங்களாம்மா?"ன்னு கேட்டான். வழியில எனக்கு அழுகை வந்திருச்சு, அது எதுக்குன்னு எனக்கே தெரியல. அவுக அப்பாவை நான் பாத்ததுகூட இல்ல.

சரி, அதை விடுங்க. உங்க விசயத்துக்கு வாங்க. உங்க ஊரு எது? திருமங்கலம் பக்கமா? அப்ப அங்க இருந்து இங்க நோயாளி கொண்டாற வண்டி எதுன்னு விசாரிங்க. அவன் திரும்புற நேரத்துக்கு உங்கப்பாவை வாசலுக்குக் கொண்டாந்துருங்க. பாதிக்குப் பாதி கொறையும். இல்லைன்னா, வாரம் ரெண்டு நாளும் ஒரே வண்டிக்கு மாசக்கணக்குல பேசுங்க. நோயாளி நாலு பேரு சேந்தும் பேசலாம். வேப்பமரத்தடிக்காரன்கிட்ட, "காத்துக்கெடக்க வேணாம், எறக்கிவிட்டுட்டு நீ போ, போற காசு மட்டும் சொல்லு"ன்னு கேளுங்க. மூஞ்சி சுருங்குறதைப் பாப்பீங்க. அப்பா என்ன கனம் இருப்பாரு? ஓ, நல்ல ஆளுதான். மாடி வீடா? யாரு தூக்குவா, நீங்களா? உங்க வீட்டுக்காரியா?

ம்.

ஆளு வச்சுக்கங்க தம்பி. தூக்குறதுக்கு ஆளு வச்சுக்கங்க. அதுல மட்டும் காசு பாக்காதீங்க. ஏன்னு கேக்காதீங்க, யாவாரம் பண்ணுனவ சொல்லுறேன், கேட்டுக்கங்க.

இந்தா, ஜெபராசு வந்துட்டான். வெள்ளையும் நீலமும் போட்ட வண்டி, பின்கதவு தொறந்து நிக்குது பாருங்க. எந்திரிங்க. என்ன முழிக்கிறீங்க? ஜெபராசு தூக்க மாட்டான், அவனுக்குத் தோள்பட்டையில கம்பி வச்சிருக்கு. "ஏத்துறதுக்கு ஆளு இருந்தா வாங்கக்கா"ன்னு போன்ல சொன்னான். இருக்காங்கன்னு சொல்லிட்டேன். எப்பச் சொன்னேனா? நீங்க மரத்தடியில நின்னு பேசிக்கிட்டு இருந்தப்பவே. நல்ல தோளு உங்களுக்கு. இம்புட்டு நேரம் சும்மாவா சொல்லிக்குடுத்தேன்? உங்களுக்கு மாசம் எம்புட்டு மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன், நெனைச்சுப் பாருங்க.

அங்கிட்டு யாரு எறக்குவாங்கன்னா கேக்குறீங்க? அதை நான் அங்கிட்டுப் போயிப் பாத்துக்கிறேன். பொங்கல் முடிஞ்சிருச்சு, வேலுச்சாமி கையில இப்ப காப்பு இல்ல. நடுத்தெருவுல பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன், வந்துதான் ஆகணும். வரலைன்னா வண்டியிலயே உக்காந்திருப்பேன். வர்ற வெள்ளிக்கெழமை இந்தப் பெஞ்சுக்குப் பக்கத்துல நான் இல்லைன்னா, என்னைய என்னன்னு கேளுங்க.

வாங்க, முன்னாடி வந்து நில்லுங்க. கக்கத்துக்குள்ள ரெண்டு கையும் குடுங்க, கூசாதீங்க, உங்க அம்மா வயசு எனக்கு. இருக்கிற காலை நான் ஊண்டிக்கிறேன். ஏ ஏ, அப்படிக் குனியாதீங்க! இடுப்பை வளைக்கக்கூடாது. முட்டிய மடக்குங்க. ஆளை நெஞ்சோட சேத்து அணைச்சுக்கிட்டு, காலுல பலத்தைக் குடுத்து எந்திரிக்கணும். டாக்டரு அன்னைக்கு அவளுக்குச் சொல்லுறப்ப நான் பக்கத்துல இருந்து கேட்டேன்.

அதுக்கு முந்தி அவளுக்கு இதை யாரும் சொல்லல.

ம்... தூக்குங்க.